ஜோடியாத்தான் மாத்தணும்

ஜனவரி முதல் ஜூன் வரை எனக்கு.
ஜூலை முதல் டிசம்பர் வரை எட்வின்சாமுக்கு.
பாகப்பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது,
ரப்பர் மரங்களுக்கும் கிணற்றுப் பாதைக்கும் கீழே
பதினோராவது இனமாக:
அறுபத்துநாலாம் வருடத்து பியட், சாம்பல் நிறம்,
ஸ்டெப்னி உட்பட.

எழுதிய வக்கீல்
ஷாக் அப்சார்பரைப் பற்றி ஒரு வரி சேர்க்கவில்லை.

கருங்கல் சந்தை தாண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தால்
கண்ணில் படும் அடுத்த வளைவு வரை
தலையாட்டிக்கொண்டே வரும் வண்டி,
கடன் தருகிறேன் தருகிறேன் என்று
தராமலே இருக்கும் ஆளைப்போல.
பின்சீட்டில் எட்டு முட்டை உடைந்த அன்று
எட்வின்சாமுக்கு வாட்ஸப்பில் எழுதினேன்:
தேய்ந்தது உன் பங்கில். துலாமழை யாருடையது?
இரண்டு வருடத்தில் வந்த முதல் பதில்:
இடவப்பாதி தொடங்குவது யார் பங்கில்?

இரண்டு மழையும் பெய்கிற மாவட்டத்தில்
ஒரு பள்ளத்துக்கு வயது கேட்டால்
யார் சொல்வது?

அழகியமண்டபத்தில் ரசலையன்
வண்டியின் பின்மூலையை ஒரு அழுத்து அழுத்தி விட்டான்.
ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.
ஐந்தாவது ஆட்டத்தில் மனமில்லாமல் நின்றது.
“ஒண்ணரையில நிக்கணும், கேட்டியளா.”

வலதுக்கு நான் தருகிறேன்,
இடது அவனுடையது, அவனிடம் வாங்கிக்கொள் என்றேன்.
பல்லில் கடித்திருந்த நட்டை எடுத்துவிட்டுச் சொன்னான்:
“எக்கா, இது ஜோடியாத்தான் மாத்தணும்.
ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா
வளைவுல வண்டி தன்னால யோசிக்கும்.”

குளச்சல் காற்று குடித்த நட்டுகள்.
ஒரு ராத்திரி டீசலில் ஊறியும் இறங்கவில்லை.
ஸ்பானரின் வாலில் இரும்புக்குழாய் செருகி
காலால் உதைத்தபோது
ஒன்று கழன்றது, ஒன்று உடைந்தது.
பழையதை என் கையில் தந்தான்.
அழுத்தினேன், உள்ளே போனது.
இழுத்தேன், வெளியே வந்தது.
எது சொன்னாலும் ஒத்துக்கொள்கிற குழாய்.
கசிந்து காய்ந்த எண்ணெயில் ஒட்டி
கொஞ்சம் கடற்கரை மணல்.

புதியது அப்படியில்லை.
நிமிர்த்திப் பிடித்து ஆறு தரம் அழுத்தி இழுத்து
உள்ளிருந்த காற்றைப் போக்கினான்.
ஒவ்வொரு தரமும் அது
யோசித்தே இடம் கொடுத்தது.
எடையைத் தாங்குவது பட்டைவில்தானாம்.
அடியை வாங்குவதும் அதுவேதான்.
இதற்கு வேலை வேறே:
வாங்கின அடியையே திரும்பத் திரும்பச்
சொல்லிக்கொண்டிருக்க விடாமல்
வில்லின் வாயைப் பொத்துவது.

ஜூன் முப்பது. அந்தியில் மழை.
சாவி வாங்க எட்வின்சாம் வந்து
குடையை மடக்காமல் நின்றான்.
ஜாக்கி இறங்கி, சக்கரம் தரையைத் தொட்டிருந்தது.
வண்டிக்கடியிலிருந்து குரல்:
“ரெண்டுபேரும் பின்சீட்டுல ஏறி இருங்க.
பாரம் எறங்குன பொறவுதான் முறுக்கணும்,
இப்பம் முறுக்குனா புஷ்ஷு பிரிஞ்சுபோவும்.”

ஏறினோம்.
நடுவில் ஒரு முட்டைத்தட்டு அளவு இடம்.
அவன் கனத்திருக்கிறான்,
சீட்டு அவன் பக்கம் சரிந்தது.
நான் ஜன்னல் பிடியைப் பிடித்துக்கொண்டேன்.
கீழே கறகறவென்று நட்டு ஏறும் சத்தம்.
தகரக்கூரையில் மழை.
அவன் தொண்டையைச் செருமினான்.

“அசையாதீங்க,” என்றது அடியிலிருந்து.

அசையவில்லை.
“சுகர் பார்த்தியா?” என்றேன், முன்கண்ணாடியிடம்.
“இருநூத்திப்பத்து,” என்றது முன்கண்ணாடி.

பில்லை ரசலையன்
ஷாக் வந்த அட்டைப்பெட்டியில் எழுதினான்.
ஒரே தொகை. கீழே கோடு இல்லை, வகுத்தல் இல்லை.
எட்வின்சாம் அதைப் போட்டோ எடுத்தான்.
யார் கொடுத்தோம் என்பது
இன்னும் முழுதாகத் தீரவில்லை.

மணி ஏழு.
என் பங்கில் இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.
சாவியை நான் கொடுக்கவில்லை.
அவன் குடையை மடக்கி
முன்சீட்டில் ஏறினான்.

கருங்கல் பள்ளம்
தண்ணீர் நிறைந்து ரோட்டைப்போல் கிடந்தது.
விழுந்தோம்.
ஒரு தரம்.